பாட்டனார் பெட்டியில் இருந்த வெள்ளிச் சாமான்கள்: அடியில் உள்ள முத்திரைகளைப் படிக்க உதவுங்கள்

கீழக்கரை ராத்தா:

எல்லோருக்கும் சலாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் தெரிய வேண்டும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வாப்பாவின் வாப்பா கொழும்பில் கல் வியாபாரம் செய்தவர். அவர் காலத்துத் தேக்குப் பெட்டி ஒன்று இவ்வளவு வருடமும் பழைய வீட்டு மாடியில் பூட்டியே கிடந்தது. வாப்பா மவுத்தாகி ஒரு வருடம் ஆகிறது, இப்போது வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள், அதற்காகப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே கல் எதுவும் இல்லை, எல்லாம் சாப்பாட்டு மேசைச் சாமான்.

ஆறு டீ ஸ்பூன். பிடியின் பின்பக்கம் கொசு அளவுக்கு வரிசையாகக் குறிகள். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, அப்புறம் ஒரு நங்கூரம், நடந்துபோகிற சிங்கம், கடைசியில் ஒரு வட்டம். அடுத்தது ஒரு பெரிய டீ பாட், நல்ல கனம், அடியில் நாலு சின்னக் கேடயம், ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து: இ, பி, என், எஸ். நாலு முள்கரண்டியில் சின்னச் சதுரத்துக்குள் 90 என்று மட்டும் இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் சுற்றிலும் மனித உருவங்களும் மரங்களும் புடைப்பாக இருக்கின்றன, எழுத்து ஒன்றுமே இல்லை, அடியில் ஒரு மயில் மட்டும் கீறியிருக்கிறது. இது உம்மா வழியில் ரங்கூனிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். கடைசியாக ஒரு பன்னீர்ச் செம்பு. அதன் அடியில் புள்ளி புள்ளியாகக் குத்தி 'உயரு' என்று தமிழில் எழுதியிருக்கிறது. அப்படி ஒரு பேர் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

சாச்சா எல்லாவற்றையும் ஒரு நகைக்கடைக்கு எடுத்துப் போனார். அங்கே மெஷினில் வைத்துப் பார்த்ததில் டீ பாட்டுக்கு 97 காட்டியது, ஸ்பூனுக்கு 92 தான். முள்கரண்டியில் அவர்களே 90 என்று போட்டிருப்பதால் அது தொண்ணூறு சதவீத வெள்ளி என்றார்களாம். கிண்ணத்திலும் செம்பிலும் ஹால்மார்க் இல்லை, அதனால் 70 டச், அதாவது நூற்றுக்கு எழுபது பங்குதான் வெள்ளி என்ற கணக்கில்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். சாச்சா நல்ல மனிதர். அண்ணன் வீட்டுக்கு நல்லது போகட்டும் என்றுதான், தரம் கூடின டீ பாட்டும் முள்கரண்டிகளும் எங்கள் உம்மாவுக்கு, மற்றதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், எடைக்கு எடை சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. டீ பாட்டின் மூக்கு ஓரத்தில் ஒரு இடம் மஞ்சளாகத் தெரிகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒரு ஸ்பூனைப் பல்பொடி போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், குறி இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்று. மற்ற ஐந்தை இன்னும் தொடவில்லை.

---

உரைகல்:

சகோதரி, முதலில் பல்பொடியை எடுத்து உள்ளே வையுங்கள். மற்ற ஐந்தைத் தொடவே வேண்டாம். பல்பொடி வெள்ளியை அரம் மாதிரி அராவும், முத்திரையின் ஆழமே ஒரு நகக்கீறல் அளவுதான், அது போய்விட்டால் ஸ்பூன் வெறும் எடையாகிவிடும். குறி தெரியவில்லை என்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து போனில் பெரிதாக்கிப் பாருங்கள். அதிலும் தெரியாவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் லேசாகத் தேயுங்கள், சின்ன வயதில் காலணாவுக்குச் செய்வோமே, அதே மாதிரி.

இப்போது ஸ்பூன். உங்கள் சாமான்களில் மிகத் தெளிவாகப் பேசுவது அதுதான். நடக்கிற சிங்கம் என்பது இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் முத்திரை. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று அரசாங்க ஒப்புதல் பெற்ற சோதனைச்சாலை உரசிப் பார்த்துவிட்டுக் குத்துவது, செய்தவன் தானாகக் குத்திக்கொள்ள முடியாது. 1544 முதல் அந்தச் சிங்கம் இருக்கிறது. பக்கத்தில் உள்ள படம் எந்த ஊர்ச் சோதனைச்சாலை என்று சொல்லும். அந்தக் காலத்தில் சிறுத்தைத் தலை என்றால் லண்டன், கிரீடம் என்றால் ஷெஃபீல்டு, உங்களுடைய நங்கூரம் பர்மிங்காம். நம் கரையில் யார் இந்த நங்கூரத்தைப் பார்த்தாலும் உடனே இது கப்பல் சாமான் என்று சொல்லிவிடுவார்கள், நானே இரண்டு வீட்டில் கேட்டிருக்கிறேன். பர்மிங்காமுக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை, அது இங்கிலாந்தின் நடுவில் இருக்கிற ஊர். பர்மிங்காம்காரர்களும் ஷெஃபீல்டுகாரர்களும் தங்கள் ஊருக்குச் சோதனைச்சாலை கேட்டு லண்டன் போனபோது 'கிரௌன் அண்ட் ஆங்கர்' என்ற விடுதியில் கூடிப் பேசினார்கள், 1773இல் அனுமதி கிடைத்ததும் ஆளுக்கு ஒன்றாகக் கிரீடத்தையும் நங்கூரத்தையும் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு.

நீங்கள் வட்டம் என்று சொல்வது பெரும்பாலும் வட்டம் இல்லை, சின்ன 'ஓ' எழுத்து. வருடத்துக்கு ஒரு எழுத்து என்று மாற்றிக்கொண்டே போவார்கள். பர்மிங்காமில் 1900இல் சின்ன 'ஏ'யில் ஆரம்பித்து, 'ஜே'யை விட்டுவிட்டு எண்ணினால் 'ஓ' 1913இல் வரும். எழுத்து ஜூலையில் மாறும் என்பதால் 1913 நடுவிலிருந்து 1914 நடுவுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. எழுத்து ஒரு சுற்று முடிந்ததும் வேறு வடிவத்தில் மறுபடி வரும், அதனால் எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். இன்னொரு துணைச் சாட்சி இருக்கிறது. 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக ராஜா அல்லது ராணியின் தலையையும் குத்துவார்கள். உங்கள் ஸ்பூனில் தலை இல்லை, அதனால் 1890க்குப் பிறகு என்பது ஒத்துப்போகிறது. முதலில் உள்ள இரண்டு எழுத்து செய்தவருடையது. படம் போடுங்கள், பார்க்கலாம்.

டீ பாட் விஷயத்தில் உங்கள் மனசு ஒப்பாதது சரிதான். இ.பி.என்.எஸ். என்றால் நிக்கல் சில்வர் மேல் மின்முலாம் பூசியது. நிக்கல் சில்வர் என்பது நம் ஊரில் ஜெர்மன் சில்வர் என்கிறோமே, அதுதான்: தாமிரம், நிக்கல், துத்தநாகம். பேரில்தான் சில்வர், உள்ளே பொட்டு வெள்ளி கிடையாது. 1840இல் பர்மிங்காமில் எல்கிங்டன் என்ற நிறுவனம் இந்த மின்முலாம் முறைக்குக் காப்புரிமை வாங்கியது, அதற்குப் பிறகு இந்தச் சாமான் உலகமெங்கும் போனது. கேடயத்துக்குள் கேடயமாக எழுத்து போட்டிருப்பது தூரத்திலிருந்து பார்க்க உண்மையான முத்திரை மாதிரியே தெரியும், பலர் ஏமாறுவது அங்கேதான். மூக்கு ஓரத்து மஞ்சள், முலாம் தேய்ந்து உள்ளே உள்ள உலோகம் வெளியே வருவது.

மெஷின் ஏன் 97 காட்டியது என்று கேட்பீர்கள். அந்த மெஷின் கதிரை அனுப்பி மேல்தோலைத்தான் படிக்கும். முலாம் பூசும்போது படிவது கிட்டத்தட்டச் சுத்த வெள்ளி, அதனால் அசல் ஸ்டெர்லிங் ஸ்பூனைவிட முலாம் டீ பாட்டுக்குக் கூடுதல் எண் வருகிறது. மெஷின் பொய் சொல்லவில்லை, கேட்ட இடத்துக்கு மட்டும் பதில் சொன்னது. தேய்ந்த மஞ்சள் இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எண் விழுந்துவிடும்.

ஹால்மார்க் இல்லை என்று செம்பையும் கிண்ணத்தையும் 70 டச்சில் கேட்டார்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் நாட்டில் வெள்ளிக்கு அரசு ஹால்மார்க் வந்ததே 2005இல்தான். வெள்ளைக்காரன் ஆட்சியிலும் இங்கிலாந்து மாதிரி சோதனைச்சாலை இங்கே வைக்கவில்லை, சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் மாதிரிப் பெரிய கடைகள் தங்கள் பேரை மட்டும் குத்தின. நூறு வருடத்துப் பன்னீர்ச் செம்பில் ஹால்மார்க் தேடுவது, பாட்டனாரிடம் ஆதார் கார்டு கேட்பதுபோல.

---

பாம்பன் படகுத்துறை:

ராத்தா, நங்கூரம் என்றதும் எனக்கு எங்கள் வீட்டுக் கரண்டி ஞாபகம் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். 1913 என்று உரைகல் அண்ணன் சொல்கிறார். பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி. அதற்குப் பிறகுதான் ரயிலில் தனுஷ்கோடி வரை போய், அங்கே நீராவிக் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலில் கொழும்பு என்று போட் மெயில் வழி வந்தது. உங்கள் பாட்டனார் கொழும்பிலிருந்து சாமான் கொண்டுவந்த வழி அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் பழைய டிக்கெட், ரசீது ஏதாவது பெட்டியின் அடித்தாளுக்குக் கீழே இருக்கிறதா பாருங்கள், அந்தக் காலத்தில் பெட்டிக்குள் தாள் விரித்து அதன் கீழேதான் வைப்பார்கள்.

எங்கள் கரண்டி விஷயம். என் தாத்தா தனுஷ்கோடித் துறையில் வேலை பார்த்தவர். ஒரு பெரிய கரண்டி இருக்கிறது, பிடியில் எஸ்.ஐ.ஆர். என்று மூன்று எழுத்து பின்னிப் பொறித்திருக்கும், பின்னால் இ.பி.என்.எஸ். சவுத் இந்தியன் ரயில்வே. அந்தக் கம்பெனியை 1951இல் தெற்கு ரயில்வேயோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் கரண்டி அதற்கு முந்தியது என்று முத்திரை நிபுணர் யாரும் இல்லாமலே சொல்லிவிடலாம். செய்தவன் குறி மட்டுமில்லை, வைத்திருந்தவன் குறியும் காலம் சொல்லும். உங்கள் டீ பாட்டின் வயிற்றிலோ கைப்பிடியிலோ கப்பல் கம்பெனி, ஓட்டல், கிளப் பேர் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி வீடு போனது. பாட்டி கையில் கிடைத்த துணி மூட்டையோடு வந்தார், அதற்குள் இந்தக் கரண்டி இருந்தது. எடைக்குப் போட்டால் ஜெர்மன் சில்வர் விலைகூட வராது. எங்கள் வீட்டில் பொங்கலுக்கு அதில்தான் பாயசம் ஊற்றுகிறோம்.

---

தொண்டி பத்தர் மகன்:

எங்க அப்பா ஐம்பது வருடம் வெள்ளி வேலை பார்த்தவர். அவரிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். 'உயரு' என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா, அது பேர் இல்லை, கணக்கு!

பழைய தமிழ் எண்ணில் இரண்டு என்பது 'உ' மாதிரி இருக்கும், பத்து 'ய' மாதிரி, ஐந்து 'ரு' மாதிரி. ௨௰௫. இரண்டு பத்து, ஒரு ஐந்து. இருபத்தைந்து. இருபத்தைந்து ரூபாய் எடை என்று அர்த்தம். அந்தக் காலத்து வெள்ளி ரூபாய் ஒரு தோலா, 11.66 கிராம். தராசில் ஒரு தட்டில் ரூபாயை அடுக்கி மறு தட்டில் பாத்திரத்தை வைத்துத்தான் கொடுக்கல் வாங்கல். பாத்திரம் எத்தனை ரூபாய் எடை என்று அடியிலேயே உளியால் புள்ளி குத்திக் கொடுத்துவிடுவோம், பின்னால் அடகுக்கோ சீருக்கோ போகும்போது யாரும் சுரண்டி எடுக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அதனால் உங்கள் செம்பை எடை போடுங்கள். 291 கிராம் பக்கத்தில் வந்தால் அப்பா சொன்னது சரி. கொஞ்சம் குறைந்தால் பயப்படாதீர்கள், தேய்மானம். நிறையக் குறைந்தால் ஏதோ ஒரு பாகம் காணாமல் போயிருக்கிறது, பெட்டியில் தேடுங்கள். மூடியைத் திருகிக் கழற்றினால் தனியாக வரும், பல வீட்டில் அதுதான் தொலையும்.

தரம் பற்றி அப்பா சொன்னது: ரூபாயையே உருக்கிப் பாத்திரம் செய்யச் சொல்லி வருபவர்கள் நிறையப் பேர் உண்டு. பழைய ரூபாய் பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது 91.6. 1940இல்தான் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். அதனால் செம்பில் 90க்கு மேல் வந்தால் ஆச்சரியமில்லை, 70 டச் என்று பார்க்காமலே சொல்லக் கூடாது.

கிண்ணத்துக்கு வருகிறேன். உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வெளியே புடைத்திருக்கிற இடத்துக்கு நேராக உள்ளே பள்ளம் இருந்தால் அது தட்டி எடுத்த வேலை. வெறும் கிண்ணத்துக்குள் அரக்கை ஊற்றி இறுக விட்டு, வெளியிலிருந்து உளியால் தட்டி, அப்புறம் அரக்கை எடுத்து உள்ளிருந்து தள்ளி, மறுபடி ஊற்றி, மறுபடி தட்டி என்று மாதக்கணக்கில் போகும். அச்சில் வார்த்ததாக இருந்தால் உள்பக்கம் மொழுமொழுவென்று இருக்கும். பர்மாக் கிண்ணத்தில் பெரும்பாலும் எழுத்து முத்திரை இருக்காது, அடியில் ஒரு மிருகமோ பறவையோ கீறியிருப்பதுதான் வழக்கம். சுற்றியுள்ள உருவங்கள் புத்தரின் முற்பிறவிக் கதையாக இருக்கும், சிலதில் ராமாயணமும் வரும். வில் வைத்திருக்கிற ஆளோ குரங்கோ இருக்கிறதா பாருங்கள். இந்தக் கிண்ணத்தை எடைக்குப் போடுவது பாவம் என்று அப்பா சொல்லச் சொன்னார். அப்படியே எழுதிவிட்டேன்.

கடைசியாக அந்த 90. இதில் எங்களுக்கே ஒரு காயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரியா பக்கத்துக் கரண்டியில் வெறும் 90 என்று இருந்தால் அது சதவீதம் இல்லை. பன்னிரண்டு ஸ்பூனும் பன்னிரண்டு முள்கரண்டியும் சேர்ந்த ஒரு செட்டுக்கு மொத்தம் 90 கிராம் வெள்ளி முலாமுக்குச் செலவழித்தார்கள் என்று அர்த்தம். கணக்குப் போட்டால் ஒரு கரண்டிக்கு நாலு கிராம்கூட வராது. ஜெர்மனியின் அசல் வெள்ளியில் பெரும்பாலும் 800 என்று மூன்று இலக்கத்தில் இருக்கும், 1888க்குப் பிறகு பிறையும் கிரீடமும் கூட இருக்கும். ஆனால் இதே 90, சீன எழுத்துகளோடும் இரண்டு ஆங்கில எழுத்தோடும் சேர்ந்து வந்தால் அது ஹாங்காங், கான்டன் பக்கத்துப் பட்டறை வேலை, அங்கே 90 என்றால் உண்மையாகவே நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. பினாங்கு, சிங்கப்பூர் போய்வந்த நம் கரை வீடுகளில் இரண்டு 90ம் இருக்கும். எங்கள் அத்தை வீட்டில் மூங்கில் வேலைப்பாடு போட்ட சர்க்கரைக் கிண்ணம் ஒன்று இருந்தது, சீன எழுத்தோடு 90. 90 என்றால் முலாம்தான் என்று எங்கேயோ படித்ததை வைத்து ஒரு பழைய பாத்திரக் கடையில் கிலோ கணக்கில் போட்டுவிட்டார்கள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா இன்றைக்கும் அந்த வீட்டில் டீ குடிக்கும்போது சர்க்கரை டப்பாவைப் பார்ப்பார். ஒரு குறியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கூட என்ன குறி நிற்கிறது என்று பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

உங்களுடையதில் சதுரத்துக்குள் 90 மட்டும், வேறு எழுத்து இல்லை என்றால் முலாம்.

---

உரைகல்:

பத்தர் ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 'உயரு' எனக்குப் பிடிபடவில்லை, நானும் பேர் என்றுதான் நினைத்தேன்.

சகோதரி, சாச்சாவை ஒப்புக்கொள்ள வைக்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், ஆசிட்டும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். நகைத் தராசு ஒன்று இரவல் வாங்குங்கள், புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் காட்டினால் போதும். முதலில் கரண்டியின் எடையை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்து அதைத் தராசில் ஏற்றி எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கரண்டியை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுசாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள், அடியையோ சுவரையோ தொடக் கூடாது, குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது விலகிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. ஸ்டெர்லிங் வெள்ளிக்கு 10.3 பக்கத்தில் வரும். ஜெர்மன் சில்வருக்கு 8.6, 8.7. முலாம் எவ்வளவு பளபளத்தாலும் இந்தக் கணக்கில் மறைய முடியாது. ஸ்பூன் சின்னது, அதனால் ஆறையும் ஒன்றாகக் கட்டிப் போடுங்கள், பிழை குறையும். காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள், வெள்ளியும் ஒட்டாது, ஜெர்மன் சில்வரும் ஒட்டாது. பெட்டியில் கத்தி ஏதாவது இருந்தால் அதற்கு இந்தச் சோதனை செல்லாது, அந்தக் காலக் கத்திப் பிடி மெல்லிய தகடு, உள்ளே குங்கிலியம் மாதிரிப் பிசின் நிரப்பியிருப்பார்கள்.

---

கீழக்கரை ராத்தா:

காக்காமார்களே, அண்ணன்மார்களே, கை நடுங்குகிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

தெரிந்த நகைக்கடைப் பையனிடம் தராசு வாங்கி வந்து சாச்சாவையும் பக்கத்தில் உட்கார வைத்தோம். செம்பு 288 கிராம்! சாச்சா வாயடைத்துப்போய் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உயரு, உயரு என்று நாங்கள் நாலு நாளாக யாரோ ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தோம்.

ஆறு ஸ்பூனும் சேர்த்து 112.4 கிராம், தண்ணீரில் 10.9 காட்டியது. வகுத்தால் 10.3. முள்கரண்டி ஒன்று 68 கிராம், தண்ணீரில் 7.9. அது 8.6. டீ பாட்டைக் குவளைக்குள் இறக்க முடியவில்லை, ஆனால் மஞ்சள் இடத்தைக் கடையில் மறுபடி மெஷினில் வைத்தோம், வெள்ளி பாதிக்கும் கீழே போய்விட்டது, தாமிரமும் நிக்கலும் துத்தநாகமும் பட்டியலில் வந்துவிட்டன.

கிண்ணத்தின் உள்ளே விரல் விட்டேன். ஒவ்வொரு உருவத்துக்கும் பின்னால் குழி இருக்கிறது, முகத்துக்குக்கூடச் சின்னக் குழி. வில்லோ குரங்கோ இல்லை. யானை மேல் ஒருவர் இருக்கிறார், பக்கத்தில் குடை பிடித்திருக்கிறார்கள். உம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இந்தக் கிண்ணத்தில்தான் அவருடைய பாட்டி பேரீச்சம்பழம் வைத்து நோன்பு திறப்பார் என்று சொன்னார். இது எனக்கு இதுவரை தெரியாது.

இன்னும் இரண்டு கேள்வி. துபாயில் இருக்கிற சாச்சா மகன் செம்பைத் தனக்குக் கொடுத்தால் அங்கே எடுத்துப் போகிறேன் என்கிறான், எடுத்துப் போகலாமா? அப்புறம், இங்கே கடல் காற்று, வெளியே வைத்த வெள்ளி ஒரே மாதத்தில் கறுத்துவிடுகிறது, ஓரத்தில் பச்சையும் வருகிறது. எப்படி வைப்பது?

---

உரைகல்:

எடுத்துப் போவது பற்றி: 1972ஆம் வருடத்துப் பழம்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த பழம்பொருளைத் தனியாள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. செம்பின் வயது தெரியாமல் பெட்டியில் போட்டு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். தொல்லியல் துறையில் காட்டி, இது பழம்பொருள் இல்லை என்று சான்று வாங்கினால்தான் நிம்மதியாகப் போகலாம். என்னைக் கேட்டால் அது கீழக்கரையிலேயே இருக்கட்டும்.

கறுப்பு என்பது காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்வது. பச்சை, கலவையில் இருக்கிற தாமிரம் உப்புக் காற்றில் அரிப்பது. வெள்ளியும் உப்பும் ஒத்துப்போகாது, வெள்ளைக்காரர்கள் மேசையில் வைக்கிற உப்புக் கிண்ணத்துக்கு உள்ளே தங்க முலாம் பூசுவதும் நீலக் கண்ணாடிக் கிண்ணம் பொருத்துவதும் அதனால்தான். பயன்படுத்தினால் உடனே கழுவி ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அதில் கந்தகம் இருக்கிறது, கட்டிய இடத்தில் கறுப்பு வளையம் விழுந்து எளிதில் போகாது. கம்பளித் துணியும் வேண்டாம். முட்டையை வெள்ளி ஸ்பூனால் தொடவே வேண்டாம்.

கறுத்த ஸ்பூனுக்கு, பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, சமையல் சோடாவும் வெந்நீரும் ஊற்றி, ஸ்பூன் தாளில் படும்படி சில நிமிடம் போடுங்கள். கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி தேயாது. கிண்ணத்துக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். பள்ளங்களில் உள்ள கறுப்புதான் உருவங்களை எடுத்துக் காட்டுகிறது, அதையும் வெளுத்துவிட்டால் யானையும் குடையும் ஒன்றாகத் தெரியும்.

---

தொண்டி பத்தர் மகன்:

யானை, குடை என்றால் புத்தர் கதைதான், வெஸ்ஸந்தர ராஜா வெள்ளை யானையைத் தானம் கொடுக்கிற காட்சியாக இருக்கலாம் என்று அப்பா சொல்கிறார், பர்மாக் கிண்ணத்தில் அது அடிக்கடி வருமாம். படம் போட்டால் உறுதியாகச் சொல்கிறேன் என்றார். செம்பில் மூன்று கிராம்தான் குறைந்திருக்கிறது என்றால் அதைத் தேய்த்தவர்கள் நல்ல கைக்காரர்கள் என்றும் சொல்லச் சொன்னார்.

---

கீழக்கரை ராத்தா:

வெள்ளிக்கிழமை முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். டீ பாட்டையும் முள்கரண்டியையும் எடைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, யாருக்கு வேண்டுமோ அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஸ்பூன் ஆளுக்கு இரண்டாகப் பிரிக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது, செட்டைக் கலைக்க வேண்டாம் என்று ஆறையும் சின்ன சாச்சா வீட்டுக்கே கொடுத்துவிட்டோம். கிண்ணம் உம்மாவுக்கு. பன்னீர்ச் செம்பு யாருக்கும் இல்லை, கல்யாணம் வருகிற வீட்டுக்குப் போய் மறுபடி பழைய வீட்டுக்கே வரும். துபாய்த் தம்பியும் சரி என்றுவிட்டான்.

பெட்டியின் அடித்தாளைப் பாம்பன் அண்ணன் சொன்னதுபோல எடுத்துப் பார்த்தோம். ரசீது இல்லை, டிக்கெட்டும் இல்லை, அரித்துப்போன ஒரு தமிழ்ச் செய்தித்தாள் மட்டும் இருந்தது, தேதி இருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது.

பெரிய சாச்சா அன்றைக்கு ராத்திரியே அவர் வீட்டுச் சந்தனக் கும்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். காலையில் போன் வந்தது, அடியில் 'யஉ' என்று புள்ளி இருக்கிறதாம். நான் பன்னிரண்டு என்றேன். எடை போட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார், 139 கிராம்.